திண்மநிலைச் சேமகத்தைப் பண்படுத்தலும் பகுத்தலும்
(அனலைதீவுக் கணினிகளை முன்னிட்டு)

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் அனலைதீவுப் படகுக்குக் காத்து நிற்போர் நடுவே, அரிசி மூடை, சீமெந்துப் பை, எரிவாயு உருளை ஆகியவற்றோடு துணியாற் சுற்றிய கணினிப் பெட்டியொன்றையும் இக்காலத்திற் காணலாம். தீவில் வாழ்வோர்க்குக் கணினி பழுதுபட்டால் அதனைத் திருத்தக் கொண்டுசெல்லுதல் ஒரு கடற்பயணம். திருத்தியதை மீட்டு வருதல் மற்றொரு கடற்பயணம். கடல் கொந்தளிக்கும் நாள்களில் அப்பயணமும் தடைப்படும். ஆதலின் யாழ்ப்பாண நகரத்தார் தம் கணினியை ஆயத்தஞ்செய்வதில் எத்துணைக் கவனம் செலுத்துவரோ, அதனினும் இருமடங்கு கவனம் தீவகத்தார்க்கு வேண்டும்.

வெளிநாட்டு உறவினரும் பழைய மாணவரும் தாம் சில ஆண்டு பயன்படுத்திய கணினிகளைத் தீவகத்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புதல் வழக்கம். அவை வந்து சேர்ந்த சிறிது காலத்தில், ‘மிக மெதுவாக இயங்குகின்றது’ என்னும் முறைப்பாடு எழும். அதற்குப் பரிகாரமாகப் பழைய வன்தட்டை அகற்றி, எஸ்.எஸ்.டி. எனப் பொதுவாக வழங்கும் திண்மநிலைச் சேமகத்தைப் பொருத்துமாறு பலரும் கூறுவர். பரிகாரம் சரியானதே. பத்தாண்டு கண்ட கணினிக்குப் புத்துயிரளிக்க அதனினும் மலிவான வழி வேறில்லை. ஆயின் பொருத்திய பின்னர் அச்சேமகத்தை எவ்வாறு பகுப்பது, எவ்வாறு பண்படுத்துவது என்ற இடத்திலேதான் பழைய பழக்கம் புதிய பொருளின்மீது ஏற்றப்படுகின்றது. வன்தட்டை நான்கு ஐந்து பகுப்புகளாகப் பிரித்தால் கணினி விரையும் என்று கற்றவர்கள், எஸ்.எஸ்.டி.யையும் அவ்வாறே பிரிக்கின்றனர். வன்தட்டிற் பகுப்பு வேகத்துக்கு உதவியது மெய். எஸ்.எஸ்.டி.யில் அஃது உதவாது. அங்கு வேகம் வேறு மூன்று காரணங்களிலே தங்கியுள்ளது. பகுப்பின் பயன் வேறொன்று. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்தட்டின் இயல்பு

1956ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சேமகம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கவல்லதாயிருந்தது. அதன் பின்னர் கொள்ளளவு பல்லாயிரம் மடங்கு பெருகிற்று. இயங்கும் முறையோ மாறவில்லை. தட்டுச் சுழலும், வாசிக்குந் தலை அதன்மேல் உள்ளும் புறமும் நகரும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டொன்று ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் செல்லும். வேண்டிய தரவு தலையின்கீழ் வரச் சராசரி அரைச்சுற்றுக் காத்திருத்தல் வேண்டும், அது 4.2 மில்லிசெக்கன். தலை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லிசெக்கன். ஆகவே தட்டின் வெவ்வேறிடங்களிற் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடும்போது, ஒரு செக்கனில் எழுபத்தைந்து எண்பது இடங்களுக்கு மேல் அதனாற் சென்றுவர இயலாது. கணினி தொடங்கும்போது படிக்கப்படுங் கோப்புகளோ ஆயிரக்கணக்கானவை. அக்கணக்கு ஒன்றே மந்தகதிக்குப் போதிய விளக்கமாகும்.

பகுப்பின் பயனும் இங்கேதான் உள்ளது. தட்டின் வெளிவட்டம் நீளமானது. ஒரு சுற்றில் அது கூடிய தரவைத் தரும். முதலாவது பகுப்பு அவ்வெளிவட்டத்தில் அமையும். ஆதலால் இயங்குதளத்தை ஒரு சிறிய முதற்பகுப்பில் அடக்கிவிட்டால், விரைவான இடமும் கிடைத்தது. தலை நகரவேண்டிய தூரமுங் குறைந்தது. நம்மூர்க் காணியை வேலியடைத்துப் பிரிப்பது போன்றது அது. வேலிக்கு இப்பாலுள்ளது கிணற்றுக்கு அண்மை, அப்பாலுள்ளது சேய்மை என்ற வேறுபாடு உண்மையாகவே நிலத்தில் இருந்தது.

மின்னேற்றத்தில் எழுதும் ஏடு

எஸ்.எஸ்.டி.யில் தட்டுமில்லை, தலையுமில்லை. 1967ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டாவன் காங், சைமன் சீ என்னும் இருவர் ‘மிதக்கும் வாயில்’ கொண்ட திரான்சிஸ்டர் அமைப்பை வெளியிட்டனர். நாற்புறமும் காவலிப்பொருளாற் சூழப்பட்ட அவ்வாயிலில் இலத்திரன்களை அடைத்துவிட்டால், மின்னை நிறுத்திய பின்னரும் அவை அங்கேயே தங்கும். யப்பானியத் தொஷிபா நிறுவனத்துப் பொறியியலாளர் புஜியோ மசுவோக்கா, இவ்வடிப்படையில் ‘பிளாஷ்’ நினைவகத்தை 1984இலும், அதன் ‘நான்ட்’ வகையை 1987இலும் அறிஞர் மாநாடுகளில் அறிவித்தார். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் இருப்பது இந்த நான்ட் வகையே.

ஒரு கலத்தில் ஒரு பிற்று மாத்திரம் எழுதினால் ஏற்றமுண்டு, ஏற்றமில்லை என்னும் இரு நிலைகள் போதும். மூன்று பிற்று எழுதவேண்டின் எட்டு நிலைகளும், நான்கு பிற்று எழுதவேண்டின் பதினாறு நிலைகளும் வேறுபடுத்தி அறியப்படல் வேண்டும். நிலைகள் நெருங்க நெருங்க விலை குறையும். எழுதும் வேகமும் ஆயுளும் அவற்றோடு குறையும். ஒரு பிற்றுக் கலம் ஏறத்தாழ இலட்சம் முறை அழித்தெழுதலைத் தாங்கும் என்பர். மூன்று பிற்றுக் கலம் ஆயிரம் முதல் மூவாயிரம் வரை. கடையில் ‘ரி.எல்.சி.’ என்பது மூன்று பிற்று வகை, ‘கியூ.எல்.சி.’ என்பது நான்கு பிற்று வகை. விலை வேறுபாடு சிறிதாயின் முன்னையதையே வாங்குக.

இக்கலங்களில் எழுதும் முறை நம் முன்னோரின் ஓலைச்சுவடியை ஒருவாறு ஒக்கும். எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அவ்விடத்திலேயே அழித்து வேறெழுத்து எழுதுதல் இயலாது. புதிய ஓலையொன்றில் எழுதிச் சேர்த்துப் பழையதைக் கழித்தல் வேண்டும். நான்ட் நினைவகமும் அவ்வாறே. அதன் ‘பக்கம்’ 4 முதல் 16 கிலோபைற்று அளவினது. வெறும் பக்கத்தில் எழுதலாம். எழுதிய பக்கத்தில் மீண்டும் எழுதலாகாது. அழித்தலோ பக்கம் பக்கமாக நடைபெறாது. சில நூறு பக்கங்களோ அதற்கு மேலோ சேர்ந்த ‘தொகுதி’ முழுவதும் ஒருங்கே அழிக்கப்படும். கட்டிலுள்ள ஓரோலை வேண்டாதபோது, ஏனைய நல்ல ஓலைகளையெல்லாம் வேறொரு கட்டிற் படியெடுத்துவிட்டுப் பழைய கட்டைத் தீயிலிடுவது போன்ற செயல் அது.

இத்தொல்லையையெல்லாம் கணினி அறியாது. சேமகத்தினுள்ளே இருக்கும் ‘கட்டுப்படுத்தி’ என்னுஞ் சிறு கணிப்பொறி அதனை மறைவாக நடத்துகின்றது. கணினி, ‘ஐந்தாம் இலக்க இடத்தில் இதனை எழுது’ என்று கூறினால், கட்டுப்படுத்தி தனக்கு வசதியான ஒரு வெறும்பக்கத்தில் அதனை எழுதி, ‘ஐந்தாம் இலக்கம் இப்போது இன்ன பக்கத்திலுள்ளது’ என்று தன் முகவரிப் பட்டியலிற் குறித்துக்கொள்ளும். எல்லாக் கலங்களும் ஒத்த அளவில் தேயவேண்டும் என்பதற்காகத் தரவுகளை இடம் மாற்றிக்கொண்டும் இருக்கும்.

ஆகவே ‘சீ’ என்னும் பகுப்பின் பக்கமொன்றும் ‘டீ’ என்னும் பகுப்பின் பக்கமொன்றும் ஒரே தொகுதியில் அருகருகே கிடத்தல் கூடும். யாழ்ப்பாணத்து உறுதிகளிற் ‘பிரிபடாப் பங்கு’ என்றொரு சொல் வழங்குதலை வாசகர் அறிவர். இத்தனை பரப்பு இன்னாருக்குரியது என்று எழுத்தில் இருக்கும். நிலத்தில் எல்லையுமில்லை, வேலியுமில்லை. எஸ்.எஸ்.டி.யின் பகுப்பு அத்தகைய பிரிபடாப் பங்கே. அங்கே கிணற்றுக்கு அண்மையான காணி என்று ஒன்றில்லை. எல்லாப் பக்கமும் எட்டுதற்கு ஏறத்தாழ ஒரே நேரமே செல்லும். (வேலி இல்லாமையால் வேலிச் சண்டையுமில்லை என்பது நம்மவர்க்கு ஓர் அதிசயமாகத் தோன்றலாம்.) வேகத்தைக் கருதி எஸ்.எஸ்.டி.யைப் பல பகுப்புகளாக்குதல் வீண் வேலை.

வேகம் எதில் தங்கியுள்ளது?

முதலாவது, பகுப்புத் தொடங்கும் இடம். பழைய வன்தட்டுகளில் தடமொன்றுக்கு 63 கூறு என்று கணக்கிடும் மரபு இருந்தது. ஒரு கூறு 512 பைற்று. விண்டோஸ் எக்ஸ்.பி. வரை முதலாவது பகுப்பு 63ஆம் கூற்றிலே தொடங்கிற்று. 63ஐ 512ஆற் பெருக்கின் 32,256 ஆகும். அதனை 4,096ஆல், அதாவது 4 கிலோபைற்றால், வகுத்தால் 7.875 வரும், மீதியின்றி வகுபடவில்லை. இதன் விளைவு யாது? இயங்குதளம் 4 கிலோபைற்று அளவினதான துண்டு ஒன்றை எழுதும்போதெல்லாம், அத்துண்டு சேமகத்தின் இரு அலகுகளில் ஒன்றின் வாலிலும் மற்றொன்றின் தலையிலுமாக விழுகின்றது. ஒரு முறை செய்யவேண்டியதை இரு முறை செய்ய நேரும். தேய்வும் அதற்கேற்பக் கூடும். விண்டோஸ் விஸ்டா தொடக்கம் வந்த இயங்குதளங்கள் 2,048ஆம் கூற்றிலே தொடங்குகின்றன. 2,048ஐ 512ஆற் பெருக்கின் 1,048,576. அதனை 4,096 மீதியின்றி 256 முறை வகுக்கும்.

‘அஃது இப்போது தானாகவே நடைபெறுமாயின் அதனை ஏன் எடுத்துரைக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். பழைய கணினியின் வன்தட்டை உள்ளது உள்ளவாறே எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுத்துக் கொடுப்பது கடைகளில் நடைபெறும் இலகுவான வேலை. மூலத்திலிருந்த பிழையான தொடக்கமும் அதனோடு படியெடுக்கப்பட்டுவிடலாம். ஆதலாற் படியெடுத்த சேமகத்தைப் பெற்றுக்கொண்டவர் பகுப்பின் தொடக்க எண்ணைக் கேட்டறிதல் வேண்டும். பைற்றிற் கூறப்பட்ட அவ்வெண் 4,096ஆல் மீதியின்றி வகுபடாதாயின், பகுப்பைச் சரியான இடத்துக்கு நகர்த்துமாறு கேட்கலாம்; யான் துணிந்து கூறுவது புதிதாக நிறுவுக என்பதே.

இரண்டாவது, வெற்றிடம். ஒரு தொகுதியில் 256 பக்கம் உண்டெனக் கொள்வோம். அவற்றுள் 230 பக்கம் பயனுள்ளவை, 26 கழிந்தவை. அந்த 26 பக்கத்தை மீட்பதற்குக் கட்டுப்படுத்தி 230 பக்கத்தைப் படியெடுத்தல் வேண்டும். பயனுள்ளவை 50 மாத்திரமேயாயின், 50ஐப் படியெடுத்து 206ஐ மீட்கலாம். சேமகம் நிரம்ப நிரம்ப முதலாவது நிலை உண்டாகும். வெற்றிடம் மிகுந்திருப்பின் இரண்டாவது நிலை. நாம் ஒரு மடங்கு எழுதச் சேமகம் உள்ளே பல மடங்கு எழுதுகின்ற இத்தொல்லையே, நிரம்பிய எஸ்.எஸ்.டி. திடீரெனத் தளர்வதற்குக் காரணம். செய்வோரும் இதனை அறிந்து ஓரளவு இடத்தை மறைத்தே விற்கின்றனர். இருமடிக் கணக்கில் 256 கிகாபைற்றுக் கலங்களைக் கொண்ட சேமகத்தைப் பதின்மக் கணக்கில் 256 என்று விற்கும்போது ஏழு வீதத்துக்குச் சற்று மேலும், 240 என்று விற்கும்போது பதினான்கு வீதத்துக்குச் சற்று மேலும் அவ்வாறு ஒதுங்கும். அதற்குமேல் நாமும் பத்து வீதமளவு ஒதுக்குதல் நன்று. மலிவான சேமகங்கள் வெற்றிடத்தின் ஒரு பகுதியை ஒரு பிற்று முறையில் விரைவாக எழுதும் முன்றிலாகப் பயன்படுத்துவதால், அவற்றுக்கு இஃது இன்னும் இன்றியமையாதது.

மூன்றாவது, ‘ட்ரிம்’ என்னுங் கட்டளை. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது இயங்குதளம் தன் அட்டவணையில் ஒரு பெயரை நீக்குகின்றது, அவ்வளவே. சேமகத்துக்கு அச்செய்தி எட்டுவதில்லை. ஊரைவிட்டுப் போய் முப்பது ஆண்டான குடும்பங்களின் பெயரையும் நீக்காது வைத்திருக்கும் குடிப்பட்டியல் போல, கட்டுப்படுத்தி இறந்த தரவையும் உயிருள்ளதெனக் கருதித் தொகுதிக்குத் தொகுதி சுமந்து திரியும். ‘இவ்விடங்கள் இனி வேண்டா’ என்று அறிவிப்பதே ட்ரிம். 2009இல் வந்த விண்டோஸ் 7 தொடக்கமும், 2010இல் வந்த லினக்ஸ் 2.6.33 தொடக்கமும் இவ்வசதி உண்டு, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இல்லை. இக்கால விண்டோஸில் ‘சேமகங்களைச் சீராக்கல்’ என்னுங் கருவி வன்தட்டாயின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும், எஸ்.எஸ்.டி. என்று கண்டால் ட்ரிம் கட்டளையை விடுக்கும். உபுண்டு லினக்ஸ் வாரம் ஒருமுறை தானாகவே அதனைச் செய்கின்றது. பழைய முறையில் துண்டுகளை ஒன்றுசேர்க்குந் தனி மென்பொருள்களை எஸ்.எஸ்.டி.யிற் பயன்படுத்தலாகாது, வேகமுங் கூடாது, தேய்வே மிகும். யூ.எஸ்.பி. உறைகளில் இட்டுப் பயன்படுத்துஞ் சேமகங்களுக்கு ட்ரிம் கட்டளை சென்றடையாமலும் போகலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

பண்படுத்தும் முறை

இனிச் செயலுக்கு வருவோம். பழைய தட்டிலுள்ள தரவு முழுவதையும் வேறொரு சேமகத்திற் படியெடுத்து, அப்படியைத் திறந்து பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடங்குக. எஸ்.எஸ்.டி.யின் உள்மென்பொருளுக்குத் திருத்தப் பதிப்பு உண்டாயின் தரவு ஏறுவதற்கு முன்னரே அதனை இடுக; யாழ்ப்பாணத்திலேயே, மின் உறுதியாயுள்ள இடத்திலே அதனைச் செய்வித்தல் அறிவுடைமை, ஏனெனில் இடையில் மின் அற்றாற் சேமகமே பயனற்றுப் போகக்கூடும். பின்னர்க் கணினியின் அடிப்படை அமைப்பினுட் சென்று, ‘சாற்றா’ இணைப்பு ‘ஏ.எச்.சி.ஐ.’ முறையில் உள்ளதா என்று பார்க்க. இயங்குதளத்தை நிறுவிய பின்னர் அதனை மாற்றினால் விண்டோஸ் தொடங்க மறுத்தல் உண்டு.

சேமகம் பிறர் பயன்படுத்தியதாயின், அதனைச் செய்த நிறுவனத்தின் கருவியைக் கொண்டு ‘முழு அழிப்பு’ச் செய்தல் வேண்டும். அக்கட்டளை கலங்கள் அனைத்தையும் வெறுமையாக்கும். சிலர் சேமகம் முழுவதிலும் சுழியத்தை எழுதி அழிக்கின்றனர். அது வன்தட்டுக்குரிய வழக்கம், எஸ்.எஸ்.டி.யில் அஃது எல்லாப் பக்கத்தையும் நிரப்பிவிடுகின்றது.

பகுப்பு அட்டவணையில் எம்.பி.ஆர். என்பது 1983 முதல் வழங்கிவரும் முறை. நான்கு முதன்மைப் பகுப்புகளுக்கு மேல் ஏலாது. ஜி.பி.ரி. என்பது பிந்தியது, தன் அட்டவணையின் படியொன்றைச் சேமகத்தின் இறுதியிலும் வைத்திருப்பதால், முன்னது சிதைந்தாலும் பின்னதைக் கொண்டு மீட்கலாம். கணினி ஏற்குமாயின் ஜி.பி.ரி.யையே தெரிந்துகொள்க.

240 கிகாபைற்று என விற்கப்படும் எஸ்.எஸ்.டி.யைக் கணினி 223 என்று காட்டும். இருமடிக் கணக்கின் வேறுபாடு அது, கடைக்காரர் செய்த மோசமன்று. அதில் இயங்குதளமும் செயலிகளும் இருக்க ஒரு பகுப்பு 100; நம் ஆவணங்களுக்கு ஒரு பகுப்பு 100; எஞ்சிய இருபதையும் எப்பகுப்பிலுஞ் சேர்க்காது வெறுமையாகவே விடுக. தொடங்குதலுக்குரிய சிறு பகுப்பை நிறுவும் மென்பொருளே ஆக்கிக்கொள்ளும். வெறுமையாக விட்ட இருபதும், புதிதாகவோ முழு அழிப்புச் செய்யப்பட்டதாகவோ இருந்தாலன்றிக் கட்டுப்படுத்திக்குப் பயன்படாது. பழைய தரவு கிடக்கும் வெற்றிடம் பெயரளவில் மாத்திரமே வெற்றிடம்.

பகுப்பு வேகந் தாராதெனக் கூறிவிட்டு இரண்டு பகுப்பு எதற்கு என்று வினவலாம். இங்கேதான் தீவின் நிலைமை குறுக்கிடுகின்றது. இயங்குதளம் சிதைந்து மீள நிறுவவேண்டிய வேளையில், முதற்பகுப்பை மாத்திரம் அழித்து நிறுவலாம். மாணவரின் பயிற்சிகளும், காணி உறுதிகளின் படங்களும், கோயிற் கணக்கும் இரண்டாம் பகுப்பில் தீண்டப்படாது கிடக்கும். கடல் கடந்து திருத்தகம் போகாமல் தீவிலேயே மீட்கத்தக்கதாக ஒரு கணினியை அமைத்தல் என்பது இதுவே. ஆயின் இரு பகுப்பும் ஒரே சேமகத்திலுள்ளவை. சேமகம் இறந்தால் இரண்டும் ஒருங்கே இறக்கும். இரண்டாம் பகுப்பிற் படியெடுத்து வைத்தலைக் காப்புப் படி என்று எண்ணுவது பேதைமை.

2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11க்கு வேண்டிய தகைமை பெறாதவை. அத்தகையவற்றில் லினக்ஸ் நிறுவுதலே தக்கது. பள்ளிக்கூடப் பணிகளுள் அதிற் செய்யவியலாதன மிகச் சில. ‘சாற்றா’ இணைப்பின் பழைய தலைமுறை, புதியதன் பாதி வேகத்தையே தரும் என்று தயங்கவேண்டா. சிறு கோப்புகளைத் தேடும் நேரமே பெரும்பயன். அப்பயன் பழைய இணைப்பிலுங் கிட்டும்.

இன்னுஞ் சில ‘விரைவாக்கும் உபாயங்கள்’ ஊரெங்கும் உலவுகின்றன. மாற்று நினைவகக் கோப்பை நிறுத்துதல், தற்காலிகக் கோப்புகளை வேறிடம் மாற்றுதல் என்பன அவற்றுட் சில. கலங்கள் விரைவில் தேய்ந்துவிடும் என்ற அச்சமே இவற்றின் பிறப்பிடம். 80 தெராபைற்று எழுதலாம் என உறுதி கூறப்பட்ட ஒரு சேமகத்தில் நாள்தோறும் 20 கிகாபைற்று எழுதினாலும் 4,000 நாள், அஃதாவது ஏறக்குறைய பதினோராண்டு, செல்லும். நினைவகம் குறைந்த பழைய கணினியில் மாற்றுக் கோப்பை நிறுத்தினாற் செயலிகள் இடையில் அறுந்து வீழும். அவ்வுபாயங்களை விட்டுவிடுக.

மின்னும் உப்புக்காற்றும்

அனலைதீவு தேசிய மின்வலையோடு இணையாத தீவுகளுள் ஒன்று. டீசல் மின்பிறப்பாக்கிகளே அதற்கு நெடுங்காலம் ஒளி கொடுத்து வந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரியசக்தி, காற்று, மின்கலவடுக்கு ஆகியவற்றைச் சேர்த்த கலப்பு மின்னிலையங்களை இந்திய அரசின் நன்கொடையோடு அமைப்பதற்கு 2022 மார்ச்சில் இணக்கங் காணப்பட்டது. 2024 மார்ச்சில் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்று தீவுக்குஞ் சேர்த்துச் சூரியசக்தி 1,700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, மின்கலவடுக்கு 2,400 கிலோவாற்று மணி, மாற்றுக்காக டீசல் 2,500 கிலோவாற்று என்பது திட்டம். சிறு மின்வலை எதுவாயினும், ஒரு பிறப்பாக்கி நின்று மற்றொன்று ஏற்கும் இடைவெளியில் மின் துடித்தல் இயல்பு.

எஸ்.எஸ்.டி.க்கு அத்துடிப்பு வன்தட்டுக்கு இருந்ததைக் காட்டிலும் நுட்பமான ஆபத்து. முகவரிப் பட்டியலின் அண்மைய திருத்தங்கள் தற்காலிக நினைவில் இருக்கும்போது மின் அறுந்தால், தரவு கலத்திற் கிடந்தும் அஃது எங்குள்ளது என்னும் அறிவு அழிந்துவிடும். ஒரே கலத்திற் பல பிற்றுகள் இருத்தலால், இப்போது எழுதும் பிற்று அரைகுறையாய் நின்றுவிட, முன்னரே நலமாக எழுதியிருந்த பிற்றுங் கெடுதல் உண்டு. 2013ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர் 15 எஸ்.எஸ்.டி.களை இடையிடையே மின்னறுத்துச் சோதித்தபோது, 13 ஏதேனுமொரு வகையிற் பிழைபட்டன. பெருநிறுவனங்களுக்குரிய சேமகங்களில் மின் அறுந்த பின்னரும் சில கணம் தாங்கும் கொள்ளளவிகள் உண்டு. வீட்டுச் சேமகங்களிற் பெரும்பாலும் இல்லை.

ஆதலாற் தீவில் மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். என்பது அலங்காரப் பொருளன்று. அதன் மின்கலம் இரண்டு மூன்றாண்டில் தளரும். மாற்றுதற்கு வேண்டிய பணத்தையும் முன்னரே ஒதுக்குக. தெரிவு செய்யும் உரிமையிருப்பின் மடிக்கணினியே மேல். அதன் மின்கலம் தானே ஒரு யூ.பி.எஸ். ஆகின்றது. வெளிநாட்டிலிருந்து கணினி அனுப்பக் கருதும் பழைய மாணவர்களும் இதனை உளங்கொள்ளல் வேண்டும். விண்டோஸில், எழுதுதற்குரிய தற்காலிக நினைவை உடனுக்குடன் கலத்தில் இறக்குதலை நிறுத்தும் ஒரு தெரிவு உண்டு. சிறிது வேகங் கூட்டும் என்று அதனைப் பரிந்துரைப்போர் பலர். மின் அறாத நாட்டினர் செய்யட்டும். அனலைதீவில் அத்தெரிவைத் தீண்டற்க.

உப்புக்காற்றைப் பொறுத்தவரை எஸ்.எஸ்.டி. வன்தட்டைக் காட்டிலும் நல்லது. சாதாரண வன்தட்டில் காற்று உட்புகும் நுண்துளையொன்று உண்டு, எஸ்.எஸ்.டி.க்கு அது வேண்டியதில்லை. ஆயினும் இணைப்பு முனைகளில் உப்பீரம் படியும். ஆண்டுக்கொருமுறை மின்னை நிறுத்தி, கழற்றி, உலர்ந்த மென்துணியால் துடைத்து மீளப் பொருத்துதல் நன்று. காரணமறியாது ‘சேமகம் இல்லை’ என்று கணினி கூறும்போது, படகேறுமுன் இதனைச் செய்து பார்க்கலாம்.

பெட்டியிற் பூட்டி வைக்கற்பாலதன்று

கலத்தில் அடைபட்ட இலத்திரன்கள் என்றென்றைக்கும் தங்குவனவல்ல, மெல்லக் கசிவன. வெப்பங் கூடக் கசிவு கூடும். குறைகடத்தித் தொழிலின் தரநிர்ணய அமைப்பாகிய ஜெடெக், வீட்டுப் பாவனைக்குரிய எஸ்.எஸ்.டி. தன் எழுத்தாயுள் முடிந்த நிலையில், மின்னின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்று வரையறுத்துள்ளது. புதிய சேமகம் அதனினும் நெடுங்காலம் காக்கும். ஆனால் தகரக் கூரையின்கீழ், இரும்புப் பெட்டிக்குள், வைகாசி வெயிலில் 30 பாகை எங்கே நிற்கும்? திருமணப் படங்களையும் இடம்பெயர்வுக்கு முந்திய ஊர்ப்படங்களையும் ஓர் எஸ்.எஸ்.டி.யில் ஏற்றிப் பெட்டியிற் பூட்டிவிட்டுப் பத்தாண்டு கழித்துத் திறப்பவர், வெறுஞ் சேமகத்தைக் காணுதல் கூடும். இது வேகமாக வேலை செய்தற்குரிய கருவி. நெடுங்காலச் சேமிப்புக்குரிய பேழையன்று.

ஏடுகள் செல்லரித்தும் இற்றும் போன காலத்தில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராய்த் தேடிப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார்; கலித்தொகை 1887இல் அவ்வாறு வெளிவந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதன மீளவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிமப் படியாக்கி எவரும் படிக்குமாறு வைத்துள்ளது. அனலைதீவில் ஒரு வீட்டிலுள்ள பழைய மலரோ, சங்க அறிக்கையோ, கையெழுத்துப் பிரதியோ அவ்வாறு படியாகுமானால், ஒரு சேமகத்தின் ஆயுளை நம்பியிராது.

வீட்டு ஆவணங்களுக்கு மூன்று படி வைக்கலாம். ஒன்று கணினியின் இரண்டாம் பகுப்பில். ஒன்று வெளியே இணைக்கும் சாதாரண வன்தட்டில். மெதுவானதாயினும் மின்னின்றிக் கிடக்க அது தக்கது. மூன்றாவது தீவுக்கு வெளியே. கோயிற் திருவிழாவுக்கு வந்து திரும்பும் உறவினரிடம், சென்ற ஆண்டுப் படியை வாங்கிக்கொண்டு இவ்வாண்டுப் படியைக் கொடுத்துவிடலாம். பெற்றுக்கொண்ட பழைய படியைக் கணினியில் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று அவர் படகேறுமுன் பார்த்துக்கொள்க.